‘கடிதம் அனுப்பப்பட்டது’ என்பதோடு வேலை முடிவதில்லை

(உலகத் தாதியர் தினத்தையொட்டி நமது சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய கூட்டத்தில், ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. அவரும் கொழுந்து பறித்த ஒரு தாயின் மகள்.)



தாதியர் தினம் என்றால் வெள்ளை உடுப்பு, கையில் விளக்கு, தியாகம், கருணை என்று பேசுவது வழக்கம். நான் இன்று அவற்றை ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன். ஊசி போடுவதும் மருந்து கட்டுவதும் பிரஷர் பார்ப்பதும்தான் மிஸ்ஸியின் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் தோட்டத்துக்கு ஒரு சுகாதாரத் திட்டம் வருகிறதே, அதை யார் வகுக்கிறார்கள்? அது ஏன் சில வேளைகளில் லயத்து வாசல்வரை வராமல் பாதி வழியில் நின்றுவிடுகிறது? அதில் தாதிக்கு என்ன வேலை, உங்களுக்கு என்ன வேலை? இதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

நம் நாட்டில் 1996இல் சுகவனிதையர் கிளினிக் என்ற திட்டம் தொடங்கியது. பெண்களுக்குப் பிரஷர், சீனி, மார்பகம் எல்லாம் பார்ப்பார்கள். அதோடு கருப்பை வாசலிலிருந்து கொஞ்சம் கலங்களை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பெப் பரிசோதனை. இது ஒபரேஷன் அல்ல, ஊசியும் இல்லை. சில நிமிட வேலைதான். கருப்பை வாசலில் வரும் புற்றுநோய் ஒரே இரவில் வருவதில்லை. பல வருடங்களுக்கு முன்னரே அங்குள்ள கலங்கள் மாறத் தொடங்கிவிடும். அந்த மாற்றத்தை அப்போதே கண்டுபிடித்தால் சிறிய சிகிச்சையோடு முடிந்துவிடும்.

என் பிரிவில் இருந்த ஒரு தோட்டத்தில், 35 வயதான ஒரு தங்கச்சி வந்து இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டாள். அவள் பெயரைச் சொல்லமாட்டேன். ‘மேலதிகப் பரிசோதனை தேவை’ என்று முடிவு வந்தது. பணிமனையிலிருந்து கடிதம் போட்டோம். நான் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு எதிரே ‘கடிதம் அனுப்பப்பட்டது’ என்று எழுதி, திகதி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். எங்கள் கணக்கில் அன்றோடு அந்த வேலை முடிந்தது.

அந்தக் கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போயிருக்கிறது. கட்டோடு கட்டாக அங்கே கிடந்து, பிறகு யாரோ ஒரு பிள்ளையின் கையில் லயத்துக்குப் போயிருக்கிறது. சிங்களத்தில் அச்சடித்த கடிதம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அரசாங்க முத்திரை இருக்கிறது, முக்கியமான கடிதமாக இருக்கும் என்று பத்திரமாக வைத்திருக்கிறாள். எங்கே தெரியுமா? சாமிப்படத்துக்குப் பின்னால்.

இரண்டு வருடம் கழித்து இரத்தப்போக்கு நிற்கவில்லை என்று அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பெரிய சிகிச்சை செய்து, உயிர் பிழைத்தாள். ஆனால் மாதக்கணக்கில் வேலையில்லை. நகை அடகுக்குப் போனது. மூத்த பிள்ளை பாடசாலையை விட்டு நின்றுவிட்டாள். சிறிய சிகிச்சையோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

இதில் யார் கடமையைச் செய்யவில்லை? டொக்டர் செய்தார். ஆய்வுகூடம் செய்தது. தபால்காரர் செய்தார். நானும் விதிப்படி செய்தேன். எல்லோரும் அவரவர் பங்கைச் செய்தோம், திட்டம் மட்டும் தோற்றது. கடிதம் அவளுக்குப் புரிந்ததா, அவள் வந்தாளா, சிகிச்சை முடிந்ததா என்று கேட்க பதிவேட்டில் ஒரு நிரல்கூட இல்லை.

இந்த இடைவெளி நம் தோட்டங்களில் மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் நியூயோர்க் நகரில் நூறு வருடங்களுக்கு முன் நடந்ததைக் கேளுங்கள். அங்கே டொக்டர்கள் பாடசாலைகளுக்குப் போய் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். கண்நோய், படர்தாமரை, பேன் என்று எது இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொற்றைத் தடுக்கும் திட்டம் அது. வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளிகளின் பிள்ளைகள்தான் அதிகம். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருப்பார்கள். பிள்ளை கொண்டுவந்த துண்டுச்சீட்டை வாசிக்க ஆளில்லை, மருந்து போடவும் ஆளில்லை. வகுப்பிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளை, மாலையில் தெருவில் அதே கூட்டாளிமாரோடு விளையாடிக்கொண்டிருக்கும். தொற்றும் நிற்கவில்லை, படிப்பும் போனது.

அங்கே லிலியன் வோல்ட் என்ற தாதி, ஏழைகள் வாழ்ந்த பகுதியிலேயே தங்கி வீடு வீடாகப் போய் வேலை செய்தவர். ஒரு தாதியைப் பாடசாலைக்குள் விட்டுப் பாருங்கள் என்று அவர் நகர அதிகாரிகளிடம் கேட்டார். 1902 ஒக்டோபரில் லினா ரொஜர்ஸ் என்ற தாதி 4 பாடசாலைகளில் பரீட்சார்த்தமாக வேலை தொடங்கினார். சின்ன நோய்களுக்குப் பாடசாலையிலேயே மருந்து போட்டார். மாலையில் வீடுகளுக்குப் போய், தாய்மாருக்கு எப்படிச் செய்வது என்று காட்டிக்கொடுத்தார். பலன் தெரிந்ததும் நகரம் மேலும் தாதியரை எடுத்தது. 1902 செப்டெம்பரில் 10,567 பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில் அது 1,101ஆகக் குறைந்தது.

புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. டொக்டர்களின் திட்டம் ‘கண்டுபிடி, அனுப்பு’ என்பதோடு நின்றது. அனுப்பிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் திட்டத்துக்குள் வந்தார், அவ்வளவுதான்.

இன்றைய தினத்துக்குக் காரணமான புளோரன்ஸ் நைட்டிங்கேலையும் விளக்கோடு மட்டும் நினைக்காதீர்கள். 1854இல் 38 தாதியரோடு ஸ்கூட்டாரி இராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். 1855இல் கழிவு வாய்க்கால்களைத் துப்புரவாக்கிய பிறகு அங்கே சாவு குறைந்தது. பிறகு அவர் கணக்குகளையெல்லாம் சேர்த்து, காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்பதை 1858இல் வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தின் முன் வைத்தார். விளக்கைப் பிடித்த கை பேனையையும் பிடித்தது. அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் ஒரு குழு இருக்கிறது. தலைமையில் வைத்திய அதிகாரி. துப்புரவு, தண்ணீர், தொற்றுநோய் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். வீடு வீடாகத் தாய் பிள்ளைகளைப் பார்க்க நீங்கள் மிட்வைப் அம்மா என்று கூப்பிடும் குடும்பநல உத்தியோகத்தர். அவர்களின் வேலையை மேற்பார்வை செய்து, கிளினிக்குகளை ஒழுங்குபடுத்துவது தாதிய சகோதரி. மாதம் ஒரு முறை பணிமனையில் எல்லோரும் கூடுவோம். எந்தத் தோட்டத்தில் என்ன குறை, அடுத்த மாதம் என்ன செய்வது என்று அங்கேதான் பேசுவோம். மேலிருந்து வரும் திட்டத்தை நம் மலைக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைக்கும் இடம் அது. அங்கே தாதி வாயைத் திறக்காவிட்டால், அந்தத் தங்கச்சியின் சாமிப்படத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஆளில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் வாயைத் திறந்தேன். ஆனால் எதைச் சொல்வதென்று தெரிய, முதலில் காதைத் திறக்க வேண்டியிருந்தது. அதே தோட்டத்தில் கிளினிக் வைத்தால் ஒரு கைவிரல் எண்ணிக்கையில்தான் பெண்கள் வருவார்கள். ‘தோட்டப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று அறிக்கை எழுதுவோம். உண்மைதானா என்று பார்க்க, மிட்வைப்பும் நானும் பின்னேரங்களில் லயத்து இஸ்தோப்பில் போய் உட்கார்ந்தோம். பதிவேட்டைக் கொண்டுபோகவில்லை. வெறுந்தேநீர் குடித்துக்கொண்டு கேட்டோம்.

ஒரு அக்கா சொன்னார்: “மிஸ்ஸி, நீங்க வைக்கிறது காலையில பத்து மணிக்கு. நான் வந்தா அரைப்பேர் போயிரும். ஒங்க டெஸ்ட்டு இலவசம்தான், எனக்கு அரைநாள் சம்பளம் செலவு.”

இன்னொருவர் சொன்னது எனக்கு வெட்கமாகிவிட்டது: “மலையில இருந்து சேறும் வேர்வையுமா எறங்கி, கழுவாம கொள்ளாம எப்புடிங்க மிஸ்ஸி வந்து படுக்கிறது? அங்க தண்ணியும் இல்ல, தட்டியும் இல்ல.”

கிளினிக் வைத்த இடம் தோட்டத்து மருந்துசாலை. ரோட்டோரம், ஜன்னலுக்குத் திரை இல்லை, எதிரே ஆம்பிளைகள் நின்று கதைக்கும் இடம். நான் பல தடவை போன இடம்தான். ஒரு நோயாளியாக அங்கே நின்று யோசித்ததில்லை.

மூன்றாவதை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. கிளினிக் என்றால் கடைசியில் பிள்ளை பெறாமலிருக்கும் ஒபரேஷனில்தான் கொண்டுபோய் விடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு நம் தோட்டங்களில் பழைய காரணங்கள் உண்டு. சிரித்து ஒதுக்கிவிட முடியாது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒருவருக்கும் அறிவு குறைவில்லை. எங்கள் திட்டத்தில்தான் குறை.

திட்டத்தைத் திரும்ப எழுதினோம். இடத்தைப் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றினோம். அங்கே தண்ணீர் இருக்கிறது, கதவு இருக்கிறது, பெண்கள் பழகிய இடம். திரை கட்டினோம், ஒரு அடுப்பில் வெந்நீர் வைத்தோம், உள்ளே பெண்கள் மட்டும். எங்களிடமிருந்த பதிவேட்டையும் தோட்டத்து செக்ரோலையும் வைத்து வயது வந்தவர்களின் பட்டியலைப் போட்டோம். என்ன பரிசோதனை, எதற்காக, எது செய்யமாட்டோம் என்பதை முதல் நாளே லயத்தில் போய்த் தமிழில் சொன்னோம். ஒவ்வொரு லயத்திலும் ஒரு அக்காவைப் பொறுப்பாகக் கேட்டுக்கொண்டோம்.

நேரம்தான் சிக்கல். அது எங்கள் கையில் இல்லை. அங்கேதான் உங்கள் சங்கத்துத் தலைவரும் மாதர் தலைவியும் வந்தார்கள். துரையிடம் போய்ப் பேசினார்கள். முதலில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை, கொழுந்து முற்றிவிடும் என்றார். மாதர் தலைவி ஒரு யோசனை சொன்னார்: ஒரே நாளில் எல்லோரையும் எடுக்க வேண்டாம், ஒவ்வொரு கங்காணியின் ஆட்களிலும் நாளுக்கு நாலைந்து பேர் போகட்டும், கிளினிக் அட்டையைக் காட்டினால் பேரை வெட்டக்கூடாது. அதற்குத் துரை இணங்கினார். இந்த யோசனை என் தலையில் வந்ததில்லை. எனக்கு நோயைப் பற்றித் தெரியும், மலையில் ஆட்களை எப்படிப் பிரிப்பார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

கடைசியாக, பதிவேட்டில் கோடு போட்டு மூன்று நிரல்களைச் சேர்த்தேன். ‘முடிவை நேரில் சொன்னோமா?’ ‘ஆஸ்பத்திரிக்குப் போனாரா?’ ‘சிகிச்சை முடிந்ததா?’ மூன்றாவது நிரல் நிரம்பும்வரை ஒரு பெயரையும் மூடுவதில்லை என்று மிட்வைப்மாரும் நானும் முடிவெடுத்தோம். கடிதம் வந்தாலும், வீட்டுக்குப் போய்த் தனியே உட்காரவைத்து வாயால் சொல்ல வேண்டும்.

பெண்கள் வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். ஒருத்தி தன் நாத்தனாரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்லமாட்டேன். சில மாதம் கழித்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது இன்னொரு ஓட்டை தெரிந்தது. பட்டியலைச் செக்ரோலிலிருந்து எடுத்தோமல்லவா? கைகாசுக்குப் பறிப்பவர்கள், பேர் வெட்டப்பட்டவர்கள், கொழும்பில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் யாரும் அதில் இல்லை. யாருக்குப் பாதுகாப்பு குறைவோ அவர்களையே விட்டுவிட்டோம். பிறகு லயத்து அக்காமாரை வைத்து, காம்பரா காம்பராவாகப் பட்டியலைத் திரும்பப் போட்டோம். திட்டம் போடுவது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, பிழையைத் திருத்தித் திரும்பச் செய்வது. தாதியப் பாடசாலையில் இதைப் பாடமாகச் சொல்லித் தந்தார்கள். எனக்கு அது விளங்கியது லயத்தில்.

தாய்மாரே, இதையெல்லாம் என் பெருமைக்காகச் சொல்லவில்லை. தாதி தனியாக இதைச் செய்ய முடியாது. ஒரு பெரிய பிரிவுக்கு ஒருவரோ இருவரோதான் இருக்கிறோம். நாங்கள் டொக்டரின் இடத்தையும் பிடிக்க முடியாது. ஆனால் மேலே வகுக்கும் திட்டமும் கீழே இருக்கும் வாழ்க்கையும் எந்த இடத்தில் ஒட்டவில்லை என்று முதலில் தெரிவது தாதிக்கும் மிட்வைப்புக்கும்தான். அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும். ‘வர விருப்பமில்லை’ என்று சொல்லாதீர்கள். ‘அரைப்பேர் போகிறது’ என்று சொல்லுங்கள், ‘தண்ணீர் இல்லை’ என்று சொல்லுங்கள். விருப்பமில்லை என்றால் எங்களால் எழுத மட்டும்தான் முடியும். தண்ணீர் இல்லை என்றால் ஏதாவது செய்ய முடியும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளத்துக்காகப் போராடுவது போல, கிளினிக் நேரத்துக்காகவும் பேசுங்கள். சம்பளம் வெட்டாத இரண்டு மணித்தியாலம், ஒரு பெண்ணின் உயிராக இருக்கலாம். நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அதையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள். அடுத்த முறை உங்கள் தோட்டத்துக்கு எந்தச் சுகாதாரத் திட்டம் வந்தாலும், அது சீனி வருத்தத்துக்காக இருக்கட்டும், பிள்ளைகளின் போசாக்குக்காக இருக்கட்டும், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

இந்த நாளையும் நேரத்தையும் யாரிடம் கேட்டு வைத்தீர்கள்?

வருகிறவர்களின் பேர் வெட்டப்படுமா?

இடத்தில் தண்ணீரும் மறைவும் இருக்கிறதா?

செக்ரோலில் இல்லாதவர்களை எப்படிக் கூப்பிடுவீர்கள்?

முடிவை யார், எந்த மொழியில், எங்கே வைத்துச் சொல்வார்?

இவற்றுக்குப் பதில் இருந்தால் அந்தத் திட்டம் நல்ல திட்டம். பதில் இல்லையென்றால் சண்டை போட வேண்டாம், வாருங்கள் சேர்ந்து எழுதுவோம் என்று சொல்லுங்கள்.

இன்று 35 வயதிலும் 45 வயதிலும் பெப் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். இங்கே அந்த வயதில் இருக்கும் ஒவ்வொருவரும் போங்கள். மாதவிலக்கு நாட்களில் மட்டும் வேண்டாம். 2017இலிருந்து 6ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இந்தப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி பாடசாலையில் போடுகிறார்கள். சம்மதக் கடிதம் வந்தால், வாசிக்கத் தெரியாவிட்டால், மிட்வைப்பிடமோ ஆசிரியரிடமோ கொண்டுபோய்க் கேளுங்கள். அண்ணன்மாரே, உங்கள் வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதம் எதையும் அன்றே யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சாமி காப்பாற்றும், ஆனால் சாமிக்குப் பின்னால் இருக்கும் கடிதத்தை யாராவது எடுத்து வாசிக்க வேண்டும்.

கடைசியாகப் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தாதியப் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். நம் தோட்டப் பக்கத்துப் பாடசாலைகள் எத்தனையில் அந்தப் பிரிவு இருக்கிறது? இதுவும் சங்கம் பேச வேண்டிய விஷயம். லயத்தில் பிறந்து, தமிழிலும் சிங்களத்திலும் பேசத் தெரிந்த ஒரு மகள் அந்த மாதாந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், ‘கடிதத்தைச் சிங்களத்தில் மட்டும் அனுப்பினால் எங்கள் அம்மாவுக்கு எப்படிப் புரியும்?’ என்று அவள் முதல் நாளே கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தோன்ற இரண்டு வருடமும் ஒரு பெண்ணின் வேதனையும் தேவைப்பட்டது.

அந்தத் தங்கச்சி இன்றும் இருக்கிறாள். பாடசாலையை விட்டு நின்ற மகளுக்குக் கல்யாணமாகி, பேத்தியும் பிறந்துவிட்டாள். போன மாதம் வழியில் கண்டபோது, “மிஸ்ஸி, மகளுக்கு முப்பத்தஞ்சு ஆகப்போகுது, எப்ப கூட்டிட்டு வரட்டும்?” என்று கேட்டாள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லி, இப்போது இருக்கும் சகோதரியிடம் போகும் வழியைச் சொன்னேன்.

அந்த வழி உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.